பொம்மைக்குத் தைப்பதும் தையல்தான்

பொம்மைக்குச் சட்டை தைப்பதாகப் பெரியவர் ஒருவர் சொன்னால், பாவம், பொழுது போகவில்லை போலிருக்கிறது என்றுதான் கேட்பவர் நினைப்பார். அளவு சிறியது, ஆகவே வேலையும் சிறியது. மிஞ்சிய துணியில் குழந்தைகள் செய்கிற காரியம். இந்த எண்ணம் ஆழமாக ஊன்றிப் போயிருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறாண்டுக்கு மேலாக அச்சிடப்பட்டு வந்த பொம்மை உடைப் பேட்டர்ன்களில் பெரும்பங்கு அழிந்து போனதற்கும் இந்த எண்ணமே காரணம். மெல்லிய தாளில் அச்சான அவற்றை வெட்டினார்கள், குத்தினார்கள், கிழிந்ததும் எறிந்தார்கள். மிஞ்சியவற்றைத் தேடி எடுத்துப் படிவம் மாற்றி, இன்றும் அவற்றை வைத்துத் தைத்துவருபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது தவறு. அந்தத் தாள்கள் முறையான தையல் பாடநூல்கள். அவற்றைக் காப்பாற்ற வேண்டும். அவற்றை வைத்து ஆணுக்கும் பெண்ணுக்கும் தையல் கற்பிக்க வேண்டும். நான் வாதிட வருவது இதைத்தான்.

முதலில், பேட்டர்ன் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் தைக்கக் கொடுக்கும்போது அளவு ஜாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போகிறோம். டெய்லர் அதை அளந்து, துணியின் மேலேயே சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டிவிடுகிறார். வெட்டும் அறிவு அவர் கையில் இருக்கிறது. அவரிடம் பல ஆண்டு உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் அது போய்ச் சேரும். அமெரிக்காவில் இந்த அறிவைக் காகிதத்துக்கு மாற்றி அஞ்சலில் அனுப்பக்கூடிய சரக்காக்கியவர்களில் முக்கியமானவர் எபனேசர் பட்டரிக். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டெர்லிங் என்ற சிற்றூரில் தையல் கடை வைத்திருந்த அவர், 1863இல் வெவ்வேறு உடல் அளவுகளுக்குத் தனித்தனியாக வெட்டிய பேட்டர்ன்களை விற்கத் தொடங்கினார். அதற்கு முன் பத்திரிகைகளோடு வந்தவை பெரும்பாலும் ஒரே அளவில் இருந்தன. தைப்பவர்தான் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். 1870இல் ஜேம்ஸ் மக்காலும் 1927இல் சிம்ப்ளிசிட்டி நிறுவனமும் இந்தத் தொழிலில் இறங்கினார்கள். தொடக்க காலத் தாள்களில் எழுத்தோ கோடோ கிடையாது. துளைகளும் ஓரத்து வெட்டுக் குறிகளும் மட்டுமே இருக்கும்: இந்தத் துளை நூலோட்டத்துக்கு, அந்தத் துளை டக் பிடிக்க என்று தைப்பவரே புரிந்துகொள்ள வேண்டும். கோடுகளும் சொற்களும் அச்சான தாள் 1920களை ஒட்டித்தான் வரத் தொடங்கியது. யாரோ முகம் தெரியாத ஒரு வெட்டுக்காரர் யோசித்ததை இன்னொரு ஊரில் இருப்பவர் தாளைப் பார்த்தே படித்துச் செய்ய முடிந்தது. கைத்தொழில் வரலாற்றில் இது பெரிய மாற்றம்.

பொம்மைப் பேட்டர்ன் இதே அறிவைச் சின்ன அளவில் கொடுத்தது. அதற்கு ஆகச் சிறந்த சான்று பிரான்சின் ப்ளூவெத். 1905 பிப்ரவரியில் பாரிஸில் ஆன்ரி கோத்தியே என்ற பதிப்பாளர் சிறுமிகளுக்காக ‘லா செமேன் தெ சுசெத்’ என்ற வார இதழைத் தொடங்கினார். ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்கு 27 சென்டிமீட்டர் உயரமுள்ள பீங்கான் தலைப் பொம்மை ஒன்று இலவசம். அதுதான் ப்ளூவெத். பிறகு இதழில் தொடர்ந்து அவளுக்கான உடைப் பேட்டர்ன்களும் தைக்கும் முறையும் வந்துகொண்டே இருந்தன. இடையில் இரண்டாம் உலகப் போரின்போது சில ஆண்டுகள் இதழ் நின்றது. மீண்டும் வந்து 1960 வரை ஓடியது. உள்பாவாடையில் தொடங்கி மேல்கோட்டு, தொப்பி, இரவு உடை, கடற்கரை உடை, முதல் உலகப் போர்க் காலத்துத் தாதியர் சீருடை என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேட்டர்ன்கள். அரை நூற்றாண்டில் பிரெஞ்சு நடுத்தரக் குடும்பத்தின் அலமாரியில் என்னென்ன தொங்கியதோ அவற்றின் வெட்டுமுறை முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில், ஒரே பொம்மையின் மேல், வாரம் தேதியோடு பதிவாகியிருக்கிறது. பெரியவர்கள் உடுத்திய உடைகளில் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் மணநாள் உடையும் விருந்து உடையும்தான். அன்றாடம் உடுத்திய ஏப்ரனும் உள்ளாடையும் கிழியும் வரை உழைத்துக் கந்தலாகிப் போகும். ப்ளூவெத்தின் தாள்களில் அந்த ஏப்ரனின் வெட்டும் இருக்கிறது. வரலாற்று ஆவணம் என்று பார்த்தால்கூட இதை அலட்சியப்படுத்த முடியாது.

1933இல் ப்ளூவெத்தின் உயரம் 29 சென்டிமீட்டர் ஆயிற்று. இரண்டு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பழைய தாளை வைத்துத் தைத்த சட்டை புதிய பொம்மைக்குச் சரியாக அமையாது. எங்கே கூட்டுவது? தாளை ஒட்டுமொத்தமாகப் பெரிதாக்கினால் கழுத்தும் தோளும் அகன்றுவிடும். உடம்புத் துண்டை மார்புக்குக் கீழே குறுக்கே வெட்டி நடுவில் இடம் விட வேண்டுமா, கையின் நீளத்தை முழங்கைக்கு மேலே கூட்டுவதா கீழேயா என்று யோசிக்க வேண்டும். 2016இல் பார்பிக்கும் இதே நடந்தது. அதுவரை இருந்த உடலோடு உயரமானது, குட்டையானது, சதைப்பிடிப்பானது என்று மூன்று உடல்வாகுகளை மேட்டல் நிறுவனம் சேர்த்தது. 1960களின் பேட்டர்னை வைத்துத் தைத்த பாவாடை, சதைப்பிடிப்பான பார்பியின் இடுப்பில் ஏறாது. ஒரு வெட்டை இன்னோர் உடலுக்கு மாற்றுவதுதான் டெய்லர் தொழிலின் மையம். அதைக் கற்க இரண்டு பொம்மைகளும் ஒரு தாளும் போதும் என்றால், அதைவிடச் செலவு குறைந்த பாடம் வேறெங்கே கிடைக்கும்?

சிறிய அளவு என்பதால் வேலை எளிது என்ற எண்ணம் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது. பார்பி பதினொன்றரை இன்ச் உயரம். மனித அளவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. உடையை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கலாம், ஆனால் நூலையும் துணியையும் சுருக்க முடியாது. நாம் போடும் சட்டைத் துணி அவள் உடம்பில் ஆறு மடங்கு கனமாக, கம்பளியைப் போல விறைத்து நிற்கும். தையலுக்கு உள்ளே விடும் கால் இன்ச் துணி, நம் அளவில் ஒன்றரை இன்ச்சுக்குச் சமம். இடுப்பில் பாவாடைச் சுருக்கமும், மேல் உடம்பும், பட்டியும், அதன் மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று சேரும்போது அங்கே ஒரு மேடே எழுந்துவிடும். இதையெல்லாம் யோசித்து உருவானவைதான் நல்ல பொம்மைப் பேட்டர்ன்கள். தேவையில்லாத இடத்தில் பக்கத் தையலையே எடுத்துவிடுவார்கள். கழுத்துக்குத் தனிப் பட்டி வைக்காமல் மேல் உடம்பு முழுவதற்கும் மெல்லிய லைனிங் வைத்துத் திருப்பிவிடுவார்கள். பெரியவர் சட்டைக்குக் கையை வளையமாக மூட்டிய பிறகு அக்குள் வட்டத்தில் பொருத்துவது ஒரு முறை. பொம்மைக்கு அந்த வட்டத்துக்குள் ஊசியே நுழையாது. எனவே துணி விரிந்த நிலையில் கையை முதலில் பொருத்தி, பிறகு கையின் அடியையும் உடம்பின் பக்கத்தையும் ஒரே ஓட்டமாகத் தைத்து முடிப்பார்கள். பொம்மையின் தலை பெரிது, விரல்கள் மடங்காது. எனவே முதுகுப் பக்கம் முழுக்கத் திறந்து பிரஸ் பட்டன் வைக்க வேண்டும். துணியைத் தேர்ந்தெடுப்பதிலும் அதே கவனம் வேண்டும்: மல், மெல்லிய வாயில், பழகி நைந்த பருத்தி ஆகியவை மடிந்து விழும், புதிய பாப்ளின் விழாது. தையலின் நீளத்தைக் குறைத்து வைக்காவிட்டால் வளைவுகளில் கோணல் தெரியும். ஓரம் பிசிறு விட்டால் பெரிய உடையில் மறைத்துவிடலாம். இங்கே பிசிறு போனால் தையலே போய்விடும்.

பார்பியை உருவாக்கியவர்களுக்கு இது முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது. 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமான பார்பியின் விலை 3 டாலர். உடைகள் தனி விற்பனை. சார்லட் ஜான்சன் என்ற உடை வடிவமைப்பாளரை மேட்டல் அமர்த்தியது. அவர் ஜப்பானில் தங்கி, உடை தைத்தவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு வெட்டையும் திருத்தினார். லைனிங்கும் சின்ன ஜிப்பும் நுண்ணிய பொத்தான்களும் வைத்த அந்த ஆரம்பகால உடைகளில் சில, பொம்மையைவிட விலை கூடியவை. அவ்வளவு கொடுக்க முடியாத வீடுகளுக்கு மக்கால், சிம்ப்ளிசிட்டி, பட்டரிக் போன்ற நிறுவனங்களின் பேட்டர்ன் உறைகள் கைகொடுத்தன. ஓர் உறைக்குள் ஒரு பொம்மைக்கு வேண்டிய முழு அலமாரியும் இருக்கும்: கோட்டு, மாலை உடை, இரவு உடை, மணநாள் உடை. காசுக்குத்தான் விற்றார்கள். இருந்தாலும், கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததை வீட்டில் செய்துகொள்ளும் வழியையும் அவர்களே விற்றார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பார்பியின் இடுப்பைப் பற்றிய கண்டனம் நாம் அறிந்ததே; அதில் நியாயம் உண்டு. 2014இல் மேட்டலில் பார்பி வடிவமைப்புக்குப் பொறுப்பாக இருந்த கிம் கல்மோன், அந்த உடல் உண்மையான பெண்ணைப் போல இருக்க அமைக்கப்பட்டதல்ல, எளிதில் உடுத்திக் களைய அமைக்கப்பட்டது என்று விளக்கினார். குழந்தைகளின் மனத்தில் பதியும் உருவத்துக்கு அந்த விளக்கம் போதாது என்றே நினைக்கிறேன். ஆனால் அவளுக்குத் தைத்துப் பார்த்தவர்கள், துணியின் கனம் இடுப்பில் எப்படிச் சேர்கிறது என்று தெரிந்தவர்கள், அந்த உடலை அழகின் அளவுகோலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதை ஒரு தாங்கியாகப் பார்க்கும் கண் அவர்களுக்கு வந்துவிடும்.

தொழிலின் உச்சியில் இருந்தவர்களும் சின்ன அளவைக் குறைவாக நினைக்கவில்லை. துணியை நூலோட்டத்துக்குச் சாய்வாக, கிராஸாக வெட்டி உடலோடு வழியவிடும் முறையில் ஈடிணையற்றவர் மாதலேன் வியோனே. பாரிஸில் 1912இல் கடை தொடங்கிய அவர், புதிய உடைகளைச் சிறிய மரப் பொம்மை ஒன்றின் மேல் துணியைச் சுற்றி, குண்டூசி குத்தி, வெட்டிப் பார்த்த பிறகே பெரிய அளவுக்குக் கொண்டுபோனார். இன்றும் உடை வடிவமைப்புக் கல்லூரிகளில் பாதி அளவு உருவங்களில் பயிற்சி கொடுக்கிறார்கள். 1945 மார்ச்சில், ஜெர்மானியப் பிடியிலிருந்து விடுபட்டுச் சில மாதங்களே ஆன பாரிஸில், ‘தியாத்ர் தெ லா மோட்’ என்ற கண்காட்சி திறந்தது. துணிக்குப் பஞ்சம், தோலுக்குப் பஞ்சம், கட்டடத்தைச் சூடாக்க நிலக்கரி இல்லை. நகரின் பெரிய உடை நிறுவனங்கள் சேர்ந்து, கம்பியில் செய்த எழுபது சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவான இருநூறுக்கும் மேற்பட்ட பொம்மைகளுக்கு அந்தப் பருவத்தின் புதிய உடைகளைத் தைத்து நிறுத்தின. பொத்தான்கள் உண்மையாகவே காஜாவுக்குள் போயின, கைப்பைகள் திறந்தன, உள்ளே தெரியாத இடத்திலும் லைனிங் இருந்தது. பார்க்க மக்கள் திரண்டார்கள். பிறகு லண்டன், நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ என்று சுற்றிய அந்தப் பொம்மைகள் இன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மேரிஹில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பாரிஸின் தையல் தொழில் சாகவில்லை என்று உலகுக்குக் காட்ட, அந்த ஊரின் ஆகச் சிறந்த கைகள் தேர்ந்தெடுத்தது பொம்மை உடையை.

இவ்வளவு கடினம் என்றால் புதிதாகக் கற்பவர் மிரண்டு ஓடமாட்டாரா என்று தையல் ஆசிரியர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆறில் ஒரு பங்கு அளவில் கையும் காலரும் வைத்த சட்டையை முதல் வாரத்திலேயே கொடுத்தால் ஓடத்தான் செய்வார்கள். ஆனால் பொம்மைகள் எல்லாம் ஒரே அளவல்ல. 1986இல் பிளசன்ட் ரோலண்ட் அமெரிக்காவில் தொடங்கிய ‘அமெரிக்கன் கேர்ள்’ பொம்மைகள் பதினெட்டு இன்ச் உயரம். அந்த அளவுப் பொம்மைக்குக் கைக்குழந்தைச் சட்டை தைக்கும் சிரமம்தான். துணி அரை மீட்டர்கூட வேண்டாம். வெட்டில் தவறினால் போவது ஒரு துண்டுத் துணி. ஒரே மாலையில் மறுபடி வெட்டலாம். பெரிய ஜாக்கெட் ஒன்றைக் கெடுத்த பயத்தில் கத்தரியைத் தொடவே அஞ்சுகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை. அதில் கை தேர்ந்த பிறகு சின்ன அளவுக்கு இறங்கட்டும். 1830களில் அயர்லாந்தின் பள்ளிகளுக்கு அச்சான தையல் கையேட்டின் சில பிரதிகளில், கையால் தைத்த சின்னஞ்சிறு சட்டைகளையும் காலுறைகளையும் பக்கங்களிலேயே இணைத்திருந்தார்கள். துணி மிச்சம் என்பது ஒரு காரணம். உள்ளங்கையில் வைத்து உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தால் ஓர் உடையின் கட்டுமானம் ஒரே பார்வையில் புரியும் என்பது இன்னொன்று.

இதைவிடக் கனமான எதிர்ப்பு ஒன்று உண்டு. ப்ளூவெத்தின் இதழ் நல்ல குடும்பத்துக் கத்தோலிக்கச் சிறுமிகளை நல்ல மனைவிகளாக வளர்க்கவே நடத்தப்பட்டது. அயர்லாந்துப் பள்ளிகளில் ஏழைச் சிறுமிகளுக்கு ஊசி கொடுத்தது, பிறர் வீட்டில் வேலைக்குப் போகத் தகுதியாக்க. ஊசியையும் பொம்மையையும் சேர்த்துக் கொடுத்துப் பெண்ணை வீட்டுக்குள் உட்கார வைத்த வரலாறு பொய்யல்ல. அதை மழுப்பவும் கூடாது. அதனால்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். நம் கடைத்தெருவைப் பாருங்கள். கூலி வாங்கித் தைக்கும் டெய்லர் கடைகளில் காலங்காலமாக ஆண்களே அதிகம் உட்கார்ந்திருந்தார்கள். கூலியில்லாமல் வீட்டில் கிழிசல் தைத்தது பெண்கள். காசு வந்தால் தொழில், வராவிட்டால் கடமை என்று பிரித்தது சமூகம். இதில் ஊசியின் குற்றம் ஒன்றுமில்லை. பெண்ணின் மேல் சுமத்தப்பட்டதால் அந்த அறிவையே வேண்டாம் என்று தள்ளினால், அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த வடிவியலையும் அளவையையும் பொருளறிவையும் இரண்டாம் முறையாக மதிப்பிழக்கச் செய்கிறோம். தட்டையான துணி வளைந்த உடலைச் சுற்றுவதற்கு எங்கே டக் பிடிக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பது கணிதம். அதைச் செய்தவர் பத்து வயதுச் சிறுமி என்பதால் அது கணிதமாகாமல் போய்விடாது.

ஆயத்த உடை மலிவாகக் கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. பொம்மை உடை இன்று சில்லறை விலைக்கு வருகிறது. முதுகில் ஒட்டுப்பட்டி வைத்து, ஓரம் மடிக்காமல், இரண்டு முறை மாட்டினால் பிய்ந்துவிடும் நிலையில் வருகிறது. அதைப் பார்த்து உடை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பழகும் குழந்தை, நாளை தனக்கு வாங்கும் சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கப் போவதில்லை. ஒருமுறை தைத்துப் பார்த்தவர் பார்ப்பார். ஒரு சட்டைக்குள் எத்தனை பேருடைய எத்தனை நிமிட உழைப்பு இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

தாள்களைக் காப்பது அவசரமான வேலை. நாடக உடை வடிவமைப்பாளரான பெட்டி வில்லியம்ஸ் பல ஆண்டுகள் சேகரித்ததை அடித்தளமாகக் கொண்டு, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் வணிகப் பேட்டர்ன்களுக்கென்றே ஆவணக் காப்பகம் ஒன்று வளர்ந்தது. ஜாய் எமரி அதைப் பேணி, அந்தத் தொழிலின் வரலாற்றையும் எழுதினார். அப்படி ஒரு காப்பகம் இல்லாவிட்டால் அந்த வரலாறே எழுதப்பட்டிருக்காது. இன்னொரு பக்கம், ஒரு காலத்தில் போட்டி போட்ட சிம்ப்ளிசிட்டி, மக்கால், பட்டரிக், வோக் ஆகிய நான்கு பேட்டர்ன் பெயர்களும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. அவற்றை விற்றுவந்த ஜோஆன் என்ற பெரிய துணிக்கடைத் தொடர் 2025இல் தன் கடைகள் எல்லாவற்றையும் மூடியது. காகித உறை கடையிலிருந்து மறையும் காலம் இது. நகலெடுத்துப் பகிர்வது திருட்டு அல்லவா என்று கேட்பவர்களுக்கு: இப்போது விற்பனையில் இருக்கும் பேட்டர்னை நகலெடுத்துக் கொடுப்பது, அதை உருவாக்கியவரின் கூலியைப் பறிப்பதுதான். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் 1930க்கு முன் அச்சானவை அமெரிக்கச் சட்டப்படி பொதுவுடைமை ஆகிவிட்டன. அவற்றைத் துல்லியமாகப் படியெடுத்து எல்லோருக்கும் திறந்துவைப்பதில் தடை ஏதும் இல்லை. துல்லியம் என்ற சொல்லை அழுத்தியே சொல்கிறேன். அச்சு இயந்திரம் தாளுக்கு அடங்கும்படி மூன்று சதவீதம் சுருக்கிவிட்டால், நாலு இன்ச்சுக்கும் குறைவான பொம்மை இடுப்பில் மூன்று மில்லிமீட்டர் வரை போய்விடும். பிரஸ் பட்டனுக்கு விட்ட இடத்தில் பாதி அது. எனவே ஒவ்வொரு படியிலும் ஓர் இன்ச் சதுரம் ஒன்றை வரைந்து வைக்க வேண்டும், அச்செடுத்தவர் அதை அளந்து பார்த்த பிறகே கத்தரியை எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் தையலுக்கு அரசு தொழில்நுட்பத் தேர்வு இருக்கிறது. பள்ளிகளில் பகுதிநேரத் தையல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பாடத்திட்டத்தில் புதிதாக ஒரு தாளைத் திணிக்கச் சொல்லவில்லை. ப்ளூவெத்தின் 27 சென்டிமீட்டர் சட்டைப் பேட்டர்ன் ஒன்றை மாணவர் கையில் கொடுத்து, 29 சென்டிமீட்டர் பொம்மைக்கு அதை மாற்றித் தைக்கச் சொல்லலாம். அடுத்த பயிற்சியாக, மரப்பாச்சிக்கோ வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொம்மைக்கோ பேட்டர்னே இல்லாமல் அளவெடுத்து, தாளில் வரைந்து, வெட்டிய காரணத்தை ஓரத்தில் எழுதி ஒப்படைக்கச் சொல்லலாம். நம் டெய்லர்களின் கையில் இருக்கும் ரவிக்கை வெட்டும் சட்டை வெட்டும் அந்தத் தாள்களில் எழுத்துக்கு வரும். அவற்றைக் கட்டிப் பரணில் போடாமல், பள்ளியின் பெயரும் ஆண்டும் குறித்து நூலகத்தில் வரிசைப்படுத்தி வைக்க ஓர் அலமாரித் தட்டு போதும்.